பொம்மிக்குச் சவுண்டு வெய்ங்க

கூடப் பிறக்காமலே கூட இருந்த தம்பி தாமோதரா,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. அதற்கு நீ என்ன பதில் சொல்ல முடியும்? அதனால் இங்கே எப்படி இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்திலேயே வெயில் ஏறிவிட்டது. புதுவாயல் கூட்டுரோட்டைக் கடக்க இன்னமும் லாரிக்காரர்கள்தான் மனம் வைக்க வேண்டும். என் முழங்கால் உட்கார்ந்தால் எழ விடுவதில்லை, எழுந்தால் நடக்க விடுவதில்லை. உன் மனைவி பத்மா வேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொல்கிறாள். நான் நம்பவில்லை. நான் நம்புவேன் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

சோர்வாக இருக்கிறதப்பா. யாரிடமாவது சொல்லலாம் என்றால், இப்படிச் சொன்னால் "அக்கா, இன்னா பேஜாரு ஒனக்கு?" என்று கேட்கிற ஆள் நீ ஒருவன்தான் இருந்தாய்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை உன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நீ செத்துப் போய்விட்டாய் என்பதைச் சொல்லிவிட்டேன். அதுவரை அவர்களுக்கு நீ லீவில் இருந்தாய்.

ஆமாம், லீவுதான். நீ போனது பொங்கல் விடுமுறையில். பள்ளிக்கூடம் திறந்த அன்று பிள்ளைகள் சார் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நம் தலைமையாசிரியை கிரேஸுக்கு வாயில் வந்தது "சார் லீவு" என்ற ஒரு சொல். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "பயந்துடுவாங்க டீச்சர், காய்ச்சல் வந்துடும். கொஞ்ச நாள் போவட்டும்" என்றாள். பெற்றோர்களுக்கும் போனில் செய்தி போனது. பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். கம்பெனி வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கிற அப்பா அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள்கூட அன்புக்காகச் சேர்ந்து சொன்ன பொய். உன் சாவை ஒரு ஊரே இப்படிப் பத்திரமாக ஒளித்து வைத்தது.

அப்படியே போயிருக்கும். பொம்மிதான் விடவில்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை, நம் பழைய பிள்ளைகளும் படிப்பார்கள். படிக்கிற மற்றவர்களுக்குப் பொம்மி யார் என்று தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எப்போதோ நம் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையக் குறுந்தகடுகள் வந்தன. எந்த நாட்டிலோ செய்த பழைய கார்ட்டூன். ஒரு தெரு, அந்தத் தெருவில் ஐந்து பிள்ளைகள், ஒவ்வொரு கதையிலும் ஒரு பாடம். பல் ஏன் தேய்க்க வேண்டும், நிழல் ஏன் நீளுகிறது, அடுத்தவன் பந்தை எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று. படம் அழகு. பேச்சுதான் யாருக்கும் புரியாத மொழி. முதல் நாள் போட்டபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நீ போய்ச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த ஐந்து பேருக்கும் நீயே பேச ஆரம்பித்தாய். சிவப்புத் தொப்பிக்காரனுக்கு முனுசாமி என்று பெயர் வைத்தாய். கண்ணாடி போட்ட பெண் லில்லியானாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பிறகு நம் பள்ளியில் வேறு எதுவும் நடந்ததில்லை.

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமியும் லில்லியும் சண்டை போடுவார்கள். என் பிள்ளைகளின் காது அங்கேதான் இருக்கும். என் காதும்தான்.

அந்தப் படத்தில் ஒருநாள் பனி கொட்டியது. "சார், கம்பெனித் தூசு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. பனி என்றால் என்னவென்று நீ விளக்க ஆரம்பிப்பதற்குள், "அய்யோ நைனா, அப்ப தொவச்ச துணிய எட்த்து உள்ள போடணுமே!" என்றாள் பொம்மி. நான் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

அந்த ஐவரில் சின்னவள் பொம்மி. கழுத்திலிருந்து மூக்கு வரை ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டிருப்பாள். கண்கள் மட்டும் தெரியும். மற்ற நால்வருக்கும் வாய் அசைகிற நேரத்துக்குள் நீ பேசி முடிக்க வேண்டும். வாய் மூடிய பிறகும் குரல் வந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீ வீட்டில் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்து, வாயசைவை எண்ணி எண்ணி வசனம் செய்துகொண்டு வருவாய். பொம்மிக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. அவள் வாயே தெரியாது. அவள் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். அதனால் அவள் வகுப்பிலிருந்த பிள்ளைகளிடம் பேசினாள். "இன்னா சஞ்சய், தலைய வாரலையா இன்னைக்கி?" என்பாள். "ஏய், பின்னாடி இன்னா பேச்சு? முனுசாமி இன்னா சொல்றான்னு கேளு" என்பாள். வடக்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிங்கி இருக்கிறாளே, அவளிடம் மட்டும் நடுவில் ஒரு இந்தி வார்த்தை போடுவாள். அந்த வார்த்தையை நீ முந்தின நாள் பிங்கியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. பிங்கிக்கு அது ஞாபகமே இருக்காது. பொம்மிக்கு இந்தி தெரியும் என்று வீட்டில் போய்ச் சொல்வாளாம்.

டிவிக்குள் இருப்பவளுக்குத் தங்களைத் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நீ பக்கத்தில் நின்றுதான் பேசினாய், ஒளிந்துகொள்ளவில்லை. உன் வாய் அசைவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியும் நம்பினார்கள். எப்படி என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கணக்கில் எக்ஸ் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம் என்றால் பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள், பெரியவர்கள்தான் எங்கே என்று கேட்பார்கள். அது மாதிரியோ என்னவோ.

நீ இல்லாமல் வெள்ளிக்கிழமைகள் வெறுமனே போய்க்கொண்டிருந்தன. கிரேஸுக்கு மனசு கேட்கவில்லை. தேடிப் பார்த்திருக்கிறாள். அதே கார்ட்டூன் இப்போது தமிழிலேயே கிடைக்கிறதாம். நல்ல தெளிவான படம், பயிற்சி பெற்றவர்களின் குரல். பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று புதிதாக வந்த பெரிய டிஜிட்டல் பலகையில் போட்டாள். அவள் செய்தது தப்பா? உன் இடத்தை நிரப்ப வேறு எதைத் தேடியிருக்க முடியும் அவளால்?

பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்களாம். முனுசாமியை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பொறுத்துக்கொண்டார்கள். பொம்மி வந்தாள். நின்றாள். கையை ஆட்டினாள். போய்விட்டாள்.

ரித்திகாதான் எழுந்தாளாம். "மிஸ், சவுண்டு வெய்ங்க."

"சவுண்டு இருக்குதேம்மா."

"பொம்மிக்கு வெய்ங்க."

கிரேஸுக்குப் புரியவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்திருக்கிறாள், முழுச் சத்தமும் வைத்திருக்கிறாள். அடுத்த கதையைப் போட்டாள். அதிலும் பொம்மி பேசவில்லை. தம்பி, அந்தப் படத்தில் அவள் பேசுவதே இல்லை. செய்தவர்கள் அவளைப் பேசாத பிள்ளையாகத்தான் செய்திருக்கிறார்கள். உனக்கு இது தெரியுமா? பேசத் தெரியாத ஒரு பிள்ளையை நீ இத்தனை வருஷம் நம் பள்ளிக்கூடத்திலேயே பெரிய வாயாடியாக வைத்திருந்தாய்.

"பொம்மி கோவமா?" என்று பிங்கி கேட்டாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை பலகையைப் போட்டதும் பிள்ளைகள் அப்படியே திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பே திரும்பிக்கொண்டது. அன்று சாயங்காலம் கிரேஸ் எனக்குப் போன் செய்து அழுதாள். "நான் நல்லதுக்குத்தான் போட்டேன் டீச்சர். நீங்க வந்து எதுனா பேசுங்களேன். அவரு எப்டிப் பேசுவாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு எதற்கும் தெம்பில்லை. உனக்குத் தெரியும், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் ஓட்டைக் குழாயில் வருகிற காற்று மாதிரிதான். ஆனாலும் இரண்டு நாள் வீட்டில் பொம்மியாகப் பேசிப் பார்த்தேன். சமையலறையில் நின்றுகொண்டு "இன்னா நைனா" என்றேன். குக்கர்கூட மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பழைய டிவியைப் பீரோவின் மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, நீ நிற்கிற இடத்தில் நின்றேன். பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். முனுசாமிக்குப் பேசினேன், லில்லிக்குப் பேசினேன். வாய் ஒரு பக்கம், என் பேச்சு ஒரு பக்கம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நம் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், தம்பி. வயசானவர்கள் தடுமாறினால் பார்க்காத மாதிரி இருக்கத் தெரிந்தவர்கள்.

பொம்மி வந்தாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, "நைனா, எல்லாரும் சாப்டீங்களா?" என்றேன்.

சஞ்சய் மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பது மாதிரி சொன்னான்: "டீச்சர், அது நீங்க."

"ஆமாண்டா" என்றேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள் ரித்திகா. "நீங்க கஷ்டப்படாதீங்க. சார் லீவு முடிஞ்சி வரட்டும். அதுவரைக்கும் பொம்மி பேச வேணாம்." பிறகு, "சார் எப்ப டீச்சர் வருவாரு?" என்றாள்.

கிரேஸ் வாசலில் நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அவளைப் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்த்தேன். எத்தனை வருஷம் இந்த மாதிரி முகங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! ஒரு பிள்ளை கணக்கில் சந்தேகம் கேட்டால், அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிப் பார். அது அப்புறம் கேட்காது. உன்னிடம் கேட்பதையே நிறுத்திக்கொள்ளும். இவர்கள் பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நிறுத்தவில்லை. இதுதான் கடைசித் தடவை என்று எனக்குப் பட்டது.

"சார் வர மாட்டாரும்மா" என்றேன். "சார் செத்துப்போயிட்டாரு. பொங்கல் லீவுல. நெஞ்சு வலி வந்துச்சி, ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனாங்க. காப்பாத்த முடியல."

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. சொல்லும்போது என் குரல் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

டிவியில் உன் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றான் சஞ்சய்.

"எப்டிடா?"

"லீவுன்னா சார் சேர்ல வேற மிஸ் ஒக்காருவாங்க. நீங்க யாரும் ஒக்கார மாட்றீங்க."

கிரேஸ் முகத்தை மூடிக்கொண்டாள். தாமோதரா, அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. உன் நாற்காலியை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. வகுப்புக்கு வந்த மாற்று ஆசிரியை நின்றுகொண்டே பாடம் நடத்தியிருக்கிறாள்.

அதன் பிறகு கேள்விகள் வந்தன பார், என்னால் மூச்சு விட முடியவில்லை. "மோளம் வெச்சாங்களா?" வைத்தார்கள். "பட்டாசு வெடிச்சாங்களா?" வெடித்தார்கள். உனக்குப் பட்டாசு பிடிக்காது என்று எனக்குத் தெரியும், உன் அண்ணன் மகன் கேட்டால்தானே? உன் ஊர் நாய்களெல்லாம் ஊரைவிட்டே ஓடின. "சாருக்கு மாலை போட்டாங்களா?" நிறையப் போட்டார்கள். "சார் ஊட்ல யாரு அழுதாங்க?" எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். "காரியம் பண்ணிட்டாங்களா?"

"ஆச்சும்மா."

ரித்திகாவுக்குக் கோபம் வந்தது அங்கேதான். நீ செத்ததற்கு அல்ல. "எங்க தாத்தா செத்தப்போ காரியம் முடியற வரைக்கும் எங்க ஊட்ல டிவி போடல. சீரியல்கூட எங்கம்மா பாக்கல. இங்க மட்டும் டிவி போட்டீங்களே? எங்களுக்குச் சொல்லாம போட்டீங்களே?"

ஒரு துக்க வீட்டில் போய்ப் பாட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது அவர்களுக்கு, தங்களுக்கே தெரியாமல். நாங்கள் சாவை மட்டும் மறைக்கவில்லை. அவர்கள் பங்குத் துக்கத்தையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டோம். உன் வீட்டு வாசலில் வந்து நிற்க, ஒரு பூவைப் போட, ஒரு நாள் சத்தமில்லாமல் இருக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. பச்சைப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தோம். கம்பெனி லைன் வீடுகளில் வளர்கிற பிள்ளைகளுக்குச் சாவு தெரியாதா? பாடை அவர்கள் விளையாடுகிற சந்து வழியாகத்தான் போகிறது.

சஞ்சய் எழுந்துபோய் டிவியை அணைத்தான். யாரிடமும் கேட்கவில்லை. கிரேஸின் மேசைமேல் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது, ரித்திகா அதை எடுத்து டிவியின் மேல் போட்டாள். "அமாவாசை வரைக்கும் எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். "எடுத்தா பொம்மிக்குப் புடிக்காது."

அப்போதுதான் பிங்கி அழ ஆரம்பித்தாள். அவள் மொழியிலேயே ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. பிறகு ஒவ்வொருவராக அழுதார்கள். கிரேஸ் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து யார் யாரையோ மடியில் இழுத்துக்கொண்டாள். சத்துணவு ஆயா குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து, "அழட்டும் வுடுங்க டீச்சர், அழுதா சரியாப் பூடும்" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த நாள் போன் செய்து விசாரித்துக்கொண்டேன்.

எல்லாம் அடங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ரித்திகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வகுப்பில் இருந்தவர்களில் எனக்குத்தான் தலை முழுக்க நரை. அதைப் பார்த்தாளோ என்னவோ.

"டீச்சர், நீங்க எப்ப சாவீங்க?"

"ஏய்!" என்று கிரேஸ் பதறினாள். நான் சிரித்துவிட்டேன், தம்பி. பொங்கலுக்குப் பிறகு முதல் தடவை.

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

அவள் யோசித்தாள். "அப்பவும் எங்ககிட்ட லீவுன்னுதான் சொல்லுவாங்களா?"

ஒரு பிள்ளை இந்த உலகத்திடம் கேட்க வேண்டிய கேள்விதானே அது? யார் யார் லீவில் இருக்கிறார்கள், யார் யார் திரும்பவே மாட்டார்கள் என்று யாரும் சரியாகச் சொல்லாவிட்டால், அது எதை வைத்து யாருக்காகக் காத்திருக்கும்? அப்பா நைட் ஷிப்டு போனாலே, காலையில் அவர் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்கிற வீடுகள் இவை.

நான் கிரேஸைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் முன்னால் நிற்க வைத்தேன். "இவங்ககிட்ட சொல்லு. நான் செத்தா அன்னைக்கே இவங்களுக்குச் சொல்லுவேன்னு சொல்லு" என்றேன். கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கர்த்தரே, என்னை ஏன் இங்கே போட்டீர் என்கிற பார்வை. ஆனால் சொன்னாள். அழுத குரலில், முழு வாக்கியமாக, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள். ரித்திகா சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

இது அவள் கொடுத்த வாக்கு. நான் உனக்கு ஒன்று கொடுக்கிறேன். அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமையிலிருந்து போகிறேன், முழங்கால் இழுக்கிற வரைக்கும். முனுசாமிக்கும் லில்லிக்கும் எனக்கு வந்த மாதிரி பேசுகிறேன். பொம்மிக்கு நான் பேச மாட்டேன். அவள் வரும்போது நானும் பிள்ளைகளும் சும்மா இருப்போம், அவள் கையை ஆட்டிவிட்டுப் போகட்டும். இன்னொன்று. என் மகளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நான் புறப்படுகிற அன்று முதல் போன் சொந்தக்காரர்களுக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளைகள் வந்து பார்த்த பிறகுதான் என்னை எடுக்க வேண்டும். அவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் உன்னிடம் வர மாட்டேன்.

உன் அக்கா,
சரோஜா
புதுவாயல்